ஃபாஸ்டேக் படிக்கவில்லையா? வங்கியைத் திட்டும் முன் கண்ணாடியைப் பாருங்கள்

கோவையில் கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். போன வாரம் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறது, கேஒய்சி முடிந்திருக்கிறது, டோலில் மட்டும் படிக்க மாட்டேன் என்கிறது. வங்கியை மாற்றிப் புது டேக் வாங்கியும் அதே கதை. கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று கோவையிலிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் மூன்று டோல். ஒவ்வொன்றிலும் வண்டியைப் பின்னால் எடு, முன்னால் எடு, பின்னால் நிற்கிற லாரிக்காரரிடம் திட்டு வாங்கு. முன்கண்ணாடியைப் பார்த்தேன். முழுக்க சன் ஃபிலிம், அதன் மேல் டேக். எப்போது ஒட்டினீர்கள் என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? கறுப்பே இல்லீங்களே, உத்துப் பார்த்தாத்தான் ஃபிலிம் இருக்கறதே தெரியும்" என்கிறார்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபாஸ்டேக் ரேடியோ அலையில் வேலை செய்கிறது. ஃபிலிமின் கறுப்புக்கும் அந்தச் சிக்னலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள், பாடிக்கொண்டே இருக்கும். அதையே சமையலறை அலுமினிய ஃபாயிலில் சுற்றுங்கள், நின்றுவிடும். கார் ஃபிலிமும் அப்படித்தான். வெறும் சாயம் ஏற்றிய ஃபிலிம் கன்னங்கரேல் என்று இருந்தாலும் ஃபாஸ்டேக்கை ஒன்றும் செய்யாது (போலீஸ் ஃபைன் போடுவார், அது வேறு). உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தாலும் தடுக்கும். பூச்சு அவ்வளவு மெல்லியது, வெளிச்சம் உள்ளே வந்துவிடும். ரேடியோ அலை வராது. முன்கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. "70 சதவீத சர்டிபிகேட் இருக்குங்க" என்று காகிதத்தை நீட்டுகிறார்கள். அந்தச் சான்று கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு மட்டும். ஃபாஸ்டேக்கின் 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

அமெரிக்காவில் இது பழைய தலைவலி. 1980-களில் ஃபோர்ட் நிறுவனம் பனியை உருக்க உலோகப் படலம் வைத்த முன்கண்ணாடியைக் கொண்டுவந்தபோது, உள்ளே ரேடார் டிடெக்டர் (போலீஸ் வேகம் அளக்கும் ரேடார் அலையை மோப்பம் பிடிக்கும் கருவி) வைத்திருந்தவர்களுக்கு அது ஊமையாகிப் போனது. அந்தக் கண்ணாடியும் கறுப்பில்லை.

ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. டோலில் மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துப் பதில் சொல்கிறது. அலை ஃபிலிமைத் தாண்டி உள்ளே வர வேண்டும், பதில் மறுபடி அதே ஃபிலிமைத் தாண்டி வெளியே போக வேண்டும். போகும்போது பத்தில் ஒரு பங்குதான் தாண்டும், வரும்போதும் பத்தில் ஒரு பங்குதான் தாண்டும் என்றால் மிஞ்சுவது நூறில் ஒன்று. போதாக்குறைக்கு, டேக்கின் ஆண்டெனா கண்ணாடி மேல் ஒட்டுவதற்கென்று செய்தது. உலோகத்தின் மேல் ஒட்டினால் அதன் ட்யூனிங்கே கெட்டுவிடும். சில வண்டியில் ஜிபிஎஸ் தடுமாறுவதும் ரிமோட் சாவி பக்கத்தில் போனால்தான் வேலை செய்வதும் இதே காரணத்தால்தான்.

சரி, இதில் என்னை நிஜமாகவே கோபப்படுத்துவது இன்னொன்று. ஃபிலிம் ஒட்டும் பையன்கள் பழைய டேக்கை உரித்து, ஃபிலிம் போட்ட பிறகு செலோ டேப்பால் மறுபடி ஒட்டிக் கொடுக்கிறார்கள். உரித்த டேக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆண்டெனாவின் குறுக்கே முடி போல ஒரு கோடு ஓடும். அதோடு அந்த டேக் செத்தது. உரித்தால் கிழிய வேண்டும் என்றுதானே அதைச் செய்கிறார்கள்! வங்கியில் கேட்டு மாற்று டேக் வாங்குங்கள், வேறு வழியில்லை.

சிலர் டேக்கை ஒட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு டோலில் நீட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இப்படி ஒட்டாத டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2025 ஜூலையிலேயே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சொல்லிவிட்டது. செல்லாத டேக்கோடு போனால் வழக்கமான கட்டணத்தை விடக் கூடுதலாகக் கட்ட வேண்டும். "மெஷின் படிக்கலைன்னா இலவசமா விடணும்" என்று கவுண்டரில் சட்டம் பேசுவதும் நடக்காது. அந்தச் சலுகை அவர்கள் கருவி பழுதானால்தான். உங்கள் ஃபிலிமுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஃபிலிம் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒட்டலாமா கூடாதா என்ற சட்டச் சிக்கலை முதலில் உங்கள் ஊர் ஆர்டிஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: இதில் மெட்டல் இருக்கிறதா? செராமிக் (மெட்டல் இல்லாத வகை) என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டாம், இப்போது எல்லாமே செராமிக்தான். கம்பெனியின் விவரத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி மினுக்கும் ஃபிலிம் என்றால் சந்தேகப்படுங்கள். சாம்பிள் துண்டில் ரிமோட் சாவியை இடுக்கில்லாமல் சுற்றி, தள்ளி நின்று அமுக்கிப் பாருங்கள். முழு நிரூபணம் இல்லை, ஆனால் மோசமான ஃபிலிம் மாட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், டேக்கைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு அந்தப் பகுதி ஃபிலிமை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். புது டேக்கை நேராகக் கண்ணாடி மேல் ஒட்டுங்கள். திருப்பூர்க்காரருக்கும் அதைத்தான் செய்தோம். விலை உயர்ந்த சில கார்களில் கம்பெனி கண்ணாடியிலேயே உலோகப் படலம் இருக்கும். அவற்றில் பொதுவாகக் கண்ணாடியின் மேல்பக்கம், நடுவில், புள்ளி புள்ளியாக ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். டேக்குக்கான இடம் அதுதான், மேனுவலில் படம் இருக்கும்.

பின்கண்ணாடி ஃபிலிமை மட்டும் வீட்டில் நீங்களே பிளேடு போட்டுச் சுரண்டாதீர்கள். கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் டீஃபாகர் கோடு அறுந்துவிடும். நிறைய வண்டிகளில் ரேடியோ ஆண்டெனாவும் அங்கேதான் இருக்கிறது. கோடு அறுந்த பிறகு அதையும் என்னிடம்தான் கொண்டுவருகிறீர்கள்.