சொல்லைத் தேடுவதும் பொருளைத் தேடுவதும்

நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ தெரிந்தவருக்கு இணையவழி நூலகப் பட்டியலில் வேலை எளிது. ஒரு பொருளைப் பற்றி என்னென்ன நூல்கள் உள்ளன என்று அறிய வருபவருக்குத்தான் பட்டியலின் உதவி அதிகம் தேவை. அவர் தேடல் பெட்டியில் ஒரு சொல்லை இட்டதும் கணினி நூல்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் நூலகர் எழுதிவைத்த சிறு பதிவில் உள்ள சொற்களையே பெரும்பாலும் பார்க்கிறது. எந்தச் சொல் எந்தெந்தப் பதிவுகளில் வருகிறது என்ற அடைவு முன்பே ஆயத்தமாக இருப்பதால், பல லட்சம் பதிவுகளுக்கிடையிலும் விடை நொடியில் கிடைத்துவிடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஒரே பொருளை ஆளுக்கொரு சொல்லால் குறிக்கிறார்கள். மாரடைப்பைப் பற்றி எழுதும் ஒருவர் தம் நூலின் தலைப்பில் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதுவார். மற்றொருவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்பார். வேறொருவர் இரண்டையும் விட்டுவிட்டுக் கவித்துவமான பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவார். தலைப்புச் சொற்களை மட்டும் நம்பினால் இந்த மூன்று நூல்களும் ஒருபோதும் ஓரிடத்தில் சேரா. ஆகவே நூலகர்கள் பொருளுக்கு ஒரு பெயரை மட்டும் தேர்ந்து, அதுபற்றிய எல்லா நூல்களின் பதிவிலும் அதையே எழுதுகிறார்கள். இதுவே பொருள் தலைப்பு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் சொற்றொகுதி மேற்சொன்னவற்றுள் இரண்டாவது பெயரைத் தலைப்பாகக் கொண்டு, முதலாவதை அதற்கு வழிகாட்டும் மாற்றுப் பெயராக வைத்திருக்கிறது.

இதன் அடிப்படை விதிகளை அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் 1876-லேயே வகுத்துவிட்டார். பூனைகளைப் பற்றிய நூலை விலங்குகள் என்ற பொதுத் தலைப்பின்கீழ் வைக்காமல் பூனைகள் என்றே வைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இன்று உலகெங்கும் பல நூலகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புத் தொகுதி 1898-இல் தொடங்கப்பட்டது. நூலில் குறைந்தது 20 விழுக்காட்டு அளவுக்காவது ஒரு பொருள் பேசப்பட்டிருந்தால்தான் அதற்குத் தலைப்புத் தர வேண்டும் என்று அந்நூலகத்தின் வழிகாட்டி கூறுகிறது. ஒரு நூலின் ஒரே ஓர் அத்தியாயத்தில் வரும் செய்தியைப் பொருள் தலைப்பின் வழியே கண்டுபிடிக்க இயலாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூற்பதிவுகளைக் கணினி படிக்கும்படி எழுத, 1960-களில் காங்கிரஸ் நூலகத்தின் ஹென்றியெட் அவ்ரம் உருவாக்கிய மார்க் பதிவு முறையில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. பொருள் தலைப்பு 650 என்ற எண்ணுள்ள இடத்தில் அமரும். தலைப்புக்கென்றே தனிப் பதிவு ஒன்றும் இருக்கும். அதன் மாற்றுப் பெயர்கள், அதைவிட விரிந்த தலைப்பு, குறுகிய தலைப்பு, தொடர்புடைய தலைப்பு ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். 'இதைக் காண்க', 'இதையும் காண்க' என்று பட்டியல் காட்டும் குறிப்புகள் இந்தப் பதிவிலிருந்தே பிறக்கின்றன. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், பல பட்டியல்களின் முதற்பக்கத் தேடல் பெட்டி இந்தப் பதிவுகளைத் தொடுவதே இல்லை. பல்லாண்டு உழைப்பில் திரட்டிய மாற்றுப் பெயர்கள், வாசகருக்கு எட்டாமல் உள்ளே கிடக்கின்றன.

அவற்றை எட்ட வேண்டுமானால், பொருள் தலைப்புகளை அகரவரிசையில் உலாவும் வசதியைத் திறக்க வேண்டும். இந்தியா என்று இட்டு வரலாறு என்ற உட்பிரிவுக்கு வந்தால், அதன்கீழ் காலப் பிரிவுகள் வரிசையாக நிற்கும்; அவற்றுள் ஒன்று 'சிப்பாய்க் கிளர்ச்சி, 1857-1858'. அந்தப் பெயர் நமக்கு ஏற்புடையதா என்பது வேறு கேள்வி. ஆனால் வரிசையில் அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்க்கும்போது, தேடத் தோன்றியிராத பிரிவுகளும் கண்ணில் படுகின்றன. சொல் தேடலில் நாம் கேட்டது மட்டுமே வரும். உலாவும்போதோ எதைக் கேட்கலாம் என்பதே தெரியவருகிறது.

2006-இல் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் வேறொரு வழியைப் புகுத்தியது. தேடலின் விளைவுகளுக்குப் பக்கத்திலேயே பொருள், இடம், காலம், வடிவம் எனத் தனித்தனி வடிகட்டிகளை, அதாவது முகங்களை, அது காட்டியது. சொடுக்கச் சொடுக்க விளைவுகள் சுருங்கின. இந்த முகங்களில் பலவும் அதே பழைய பொருள் தலைப்புகளைப் பிரித்தெடுத்துக் கட்டியவையே. சொல் தேடலும் அவற்றையே சார்ந்திருக்கிறது. டினா கிராஸ், ஆர்லீன் டெய்லர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதிவுகளில் பொருள் தலைப்பு இல்லாதிருந்தால், சொல் தேடலில் கிடைத்தவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கிடைக்காமல் போயிருக்கும்.

ஆகவே பொருள் தலைப்பின் சரியான பெயரை முன்கூட்டியே அறிந்திருக்கத் தேவையில்லை. மனத்தில் தோன்றும் சொல்லை இட்டு, வந்தவற்றுள் பொருத்தமான நூல் ஒன்றின் முழுப் பதிவைத் திறந்து, அதில் உள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கினால் போதும். வேறு சொற்களில், ஏன் வேறு மொழிகளிலும்கூட, எழுதப்பட்ட நூல்கள் அதன்கீழ் வந்து சேரும். புதிதாக முளைத்த துறைகளில் மட்டும் இந்த வழி தடுமாறும். பொருள் தலைப்பு வகுக்கப்படும் முன்னரே நூல்கள் வந்துவிடுவதால், அங்கே சில காலம் நூற்பெயர்களில் உள்ள சொற்களையே நம்பித் தேட வேண்டியிருக்கும்.