முக்கிம்: வீட்டுப் பத்திரத்தில் ஓர் அரபுச் சொல்

சிங்கப்பூரில் சொந்தமாக வீடு வாங்கியவர்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மனை எண்ணுக்கு முன்னால் 'எம்கே' அல்லது 'டிஎஸ்' என்று இருக்கும். டிஎஸ் என்றால் நகர உட்பிரிவு, அதாவது பழைய டவுன் பகுதி. எம்கே என்பது முக்கிம், அந்தக் காலத்தில் தோட்டமும் கம்பமுமாக (மலாய்க் கிராமங்கள்) கிடந்த மீதித் தீவு. நில அளவைக்காகப் பிரித்த 64 பிரிவுகளில் 34 முக்கிம்கள்.

சொல்லின் மூலம் அரபு. 'முகீம்' என்றால் ஓரிடத்தில் தங்கிக் குடியிருப்பவர், அதற்கு எதிர்ச்சொல் முசாஃபிர், பயணி. சவூதியில் வேலை பார்த்தவர்களிடம் 'இக்காமா' என்று சொல்லிப் பாருங்கள், உடனே பையில் கையை விடுவார்கள்; அந்தக் குடியிருப்பு அட்டைக்கும் இதே வேர்தான். தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத்தும் அதில் பிறந்ததே.

சரி, ஆளைக் குறித்த சொல் எப்படி நிலத்துக்குப் போனது? இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின்படி வெள்ளிக்கிழமை ஜும்ஆ கூட்டுத்தொழுகை நடக்க 40 ஆண்கள் வேண்டும், அதுவும் வழிப்போக்கர்கள் கணக்கில் வரமாட்டார்கள், அந்த ஊரிலேயே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். மலாய் உலகம் பெரும்பாலும் ஷாஃபி. சின்னக் கம்பத்தில் 40 பேர் தேறாது, அதனால் நாலைந்து கம்பங்கள் ஒரே பள்ளிவாசலில் கூடின, அவையெல்லாம் சேர்ந்து ஒரு முக்கிம். இந்தோனேசியாவின் ஆச்சேயில் முக்கிமின் தலைவருக்குப் பட்டப்பெயரே 'இமூம்', நம் இமாம்தான். பிரிட்டிஷ்காரர்கள் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. சங்கிலி போட்டு அளந்து, நிலவரிக்கு ஏற்றபடி கோடு இழுத்து எண் கொடுத்துவிட்டார்கள். மலேசியாவிலும் புருணையிலும் மாவட்டத்துக்குக் கீழே முக்கிம் இன்னும் நிர்வாகப் பிரிவுதான். சிங்கப்பூரில் மிஞ்சியது எண் மட்டும்.

கிறிஸ்தவ உலகின் 'பாரிஷ்' (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி, பங்கு) கதையும் இதே மாதிரி. இங்கிலாந்தில் 1601 ஏழைகள் சட்டம் வரி வசூலைத் தேவாலயப் பங்குகளின் தலையில் கட்டியது. வழிபாட்டு எல்லை வரி எல்லையானது. அமெரிக்காவின் லூசியானாவில் மாவட்டங்களுக்கு இன்றும் பாரிஷ் என்றே பெயர் (அங்கேயும் 64, தற்செயல்தான்). பாரிஷ் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலம் 'அயலாராகக் குடியிருத்தல்'. முகீமுக்கு ஏறக்குறைய நேர் எதிர்!

தமிழில் என்ன சொல்வது? கத்தோலிக்கர்களின் 'பங்கு' தேவாலய வாசலைத் தாண்டாது. 'வட்டாரம்' நம் ஊரில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. என் ஓட்டு 'பற்று'க்குத்தான். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசர் தேவாலயங்களை வைத்துப் பிரித்த பகுதிகளுக்குக் 'கோயிற்பற்று' என்று பெயர். 1658இல் வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மதப்பிரிவை மாற்றினார்களே தவிர பற்றுகளை விடவில்லை. தெல்லிப்பழை, மானிப்பாய், சங்கானை எல்லாம் அப்படிப்பட்ட கோயிற்பற்றுகள். மட்டக்களப்பு மண்முனைப்பற்று தேவாலயத்தால் வந்ததல்ல, ஆனால் இன்றும் அரசாங்கப் பிரிவின் பெயர்.

ஆக பாரிஷுக்குக் கோயிற்பற்று, விளக்கி எழுதும்போது முக்கிமுக்குப் பள்ளிவாசல் பற்று. பத்திரத்தில் மட்டும் முக்கிம் முக்கிமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் வக்கீல் அதற்கும் தனியாகக் காசு கேட்பார்.