கியர் கத்தும் கார்களும் டபுள் கிளட்ச் கணக்கும்

"பழைய அம்பாசடரிலும் ஃபியட்டிலும் ஓட்டிப் பழகியவர்கள் கார் ஓட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லையே, அந்த வண்டிகளில் அப்படி என்னதான் இருந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு சந்தேகம்: அந்தக் காலத்து டிரைவர்கள் ஒரு கியர் மாற்றக் கிளட்சை இரண்டு முறை மிதிப்பார்களே, அது பழக்கதோஷமா, தேவையா?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அந்தக் கார்களின் முதல் கியரில் ஒரு வெண்கல வளையம் கிடையாது. கதை முழுக்க அதனால் வந்ததுதான்.

மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், பிறப்பால் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. நெடுங்காலம் அதை இழுத்தது 1489 சிசி இன்ஜின். பம்பாய் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100; 1089 சிசி. மூன்றாவது நம் சென்னையின் பிள்ளை: 1961 முதல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. முதல் இரண்டிலும் நெடுங்காலம் கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. 'ஹேண்ட் கியர்' என்பார்கள். ஹெரால்டில் தரையில். மூன்றிலும் முன்னோக்கி நான்கு கியர், பின்னோக்கி ஒன்று. மூன்றிலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்கு சின்க்ரோமெஷ் உண்டு; கோக்கும் முன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு அது, அந்த வெண்கல வளையம் அதில்தான் இருக்கிறது. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் இல்லை.

இன்ஜினுக்கு ஏன் கியர் வேண்டும் என்பது பள்ளிப் பாடம், தாண்டிப் போகலாம். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். கிளட்ச் பிளேட்டிலிருந்து ஒரு தண்டு உள்ளே வருகிறது. அது தன் பல் சக்கரத்தால் கீழே இருக்கும் லே ஷாஃப்டை எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே, பின் சக்கரங்களுக்குப் போகும் மெயின் ஷாஃப்ட். வண்டி நகர்ந்தால் இதுவும் சுற்றும், இன்ஜின் என்ன செய்தாலும் சரி. ஆக, லே ஷாஃப்ட் இன்ஜின் கட்சி, மெயின் ஷாஃப்ட் சக்கரக் கட்சி. முதல் கியர் போடுவது என்றால், மெயின் ஷாஃப்ட் மேல் வழுக்கும் ஒரு பெரிய பல் சக்கரத்தைத் தள்ளி, லே ஷாஃப்டில் உள்ள சின்னப் பல் சக்கரத்தோடு நேரடியாகக் கோப்பது. அப்படி வழுக்கிச் செல்ல வேண்டியிருப்பதால் இந்தப் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும். நேர்ப் பற்கள் சத்தம் போடும். முதல் கியரில் அம்பாசடர் ஊளையிடுவதற்குக் காரணம் அதுதான். இன்றைய பல கார்கள் ரிவர்ஸில் மட்டும் ஊளையிடுவதும் இதனால்தான்.

கோக்கும் கணத்தில் இரு பற்களின் விளிம்பும் ஒரே வேகத்தில் போக வேண்டும். போகாவிட்டால் கர்ர்ர் என்று கத்தும்; ஒவ்வொரு கத்தலுக்கும் பல்லின் முனையில் கொஞ்சம் இரும்பு போகும், எண்ணெயில் பொடியாகச் சேரும்.

எவ்வளவு வேக வித்தியாசம்? அம்பாசடர் அளவுள்ள வண்டிக்கு உத்தேசமாகக் கணக்கு போடுவோம். டயர் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் உருள்கிறது. பின் ஆக்சில் விகிதம் 4.5 (மெயின் ஷாஃப்ட் நாலரை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்), முதல் கியர் 3.8, இரண்டாவது 2.2. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 119 முறை சுற்றும், மெயின் ஷாஃப்ட் 536 முறை. இரண்டாம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1180 சுற்றில் இருக்கும். அதே வேகத்தில் முதல் கியருக்கு இன்ஜின் 2040-இல் இருந்தாக வேண்டும். கொல்லிமலையில் ஏறுகிறீர்கள், 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் இரண்டாம் கியர் இழுக்க மறுக்கிறது என்றால், கை கியரை நகர்த்தும் அந்த ஒரு விநாடிக்குள் கிளட்சிலிருந்து வரும் தண்டின் வேகம் 860 சுற்று ஏறியிருக்க வேண்டும், லே ஷாஃப்டும் அதற்கேற்ப ஏறியிருக்க வேண்டும்.

யார் ஏற்றுவது? கிளட்ச் மிதிபட்டிருக்கும்வரை இன்ஜினுக்கும் லே ஷாஃப்டுக்கும் தொடர்பு இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் மட்டும் கத்தும். புதிதாகப் பழகுபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. அதனால்தான் இரண்டாவது மிதி, அதாவது டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை முழுதாக விடுங்கள். இப்போது இன்ஜினும் லே ஷாஃப்டும் ஒன்றாகச் சுற்றும், சக்கரத்தோடு ஒட்டு இல்லாமல். ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு மிதி. இன்ஜின் 2000-ஐத் தாண்டியதும் காலை எடுத்து, உடனே மறுபடி கிளட்சை மிதித்து முதல் கியருக்குத் தள்ளுங்கள். சரியாக அமைந்தால் கம்பி தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், சத்தமே இருக்காது.

அந்த வண்டிகளில் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். கத்தினால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. நியூட்ரலுக்குத் திரும்பி, கிளட்சை விட்டு, முதலிலிருந்து செய்ய வேண்டும். மேட்டில் ஒரு சலுகை உண்டு: நியூட்ரலில் வண்டி வேகமிழந்துகொண்டே வரும். 15-லிருந்து 10-க்கு இறங்கினால் தேவைப்படும் 2040-உம் 1360-ஆக இறங்கிவிடும். ஆக, குறைவாக மிதித்துவிட்டவர் அரை விநாடி பொறுத்தால் போதும், கணக்கு அவரைத் தேடி வரும். இறக்கத்தில் நேர் எதிர்: தாமதிக்கத் தாமதிக்க வண்டி வேகமெடுக்கும், தேவையான சுற்றும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எந்தக் கியரும் விழாமல் பிரேக்கை மட்டும் நம்பி உருள வேண்டிவரும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்கு, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிடு என்று லாரிக்காரர்கள் சொல்வதன் இயற்பியல் இதுதான்.

நின்ற வண்டியில் வேறு தலைவலி. சிக்னலில் நியூட்ரலில் நிற்கிறீர்கள். பச்சை விழுந்ததும் கிளட்சை மிதித்து உடனே முதல் கியருக்குத் தள்ளினால் கத்துகிறது. காரணம், மெயின் ஷாஃப்ட் நின்றுவிட்டது. லே ஷாஃப்டோ பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, எண்ணெயின் இழுப்பில் மெல்லத்தான் நிற்கும். இரண்டு மூன்று விநாடி காத்திருக்கலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஓர் அழகான குறுக்கு வழி: கிளட்சை மிதித்தபடியே கம்பியை முதலில் இரண்டாம் கியருக்குத் தள்ளிவிட்டு, பிறகு முதலுக்குக் கொண்டுவருவது. இரண்டாம் கியரின் சின்க்ரோமெஷ் பிரேக் போலப் பிடித்து லே ஷாஃப்டை நிறுத்திவிடும். முதல் கியர் சத்தமின்றி விழும். சில சமயம் கத்தவும் கத்தாது, உள்ளே போகவும் போகாது. பல்லுக்கு நேராகப் பல் நிற்கிறது என்று பொருள். கிளட்சை ஒரு நொடி விட்டு மறுபடி மிதித்தால் லே ஷாஃப்ட் கொஞ்சம் நகர்ந்து வழிவிடும்.

சரி, அந்த இரண்டாம் கியர் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது? இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

சின்க்ரோமெஷ், அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 1928-இல் வந்தது. ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் வேலை. இன்றைக்கு எல்லோரும் பயன்படுத்தும் வடிவத்தில் கியர் சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு கூம்பு இருக்கும், அதன் மேல் தளர்வாக ஒரு வெண்கல அல்லது பித்தளை வளையம். கம்பியைத் தள்ளும்போது ஒரு ஸ்லீவ், அதாவது மெயின் ஷாஃப்டோடு சுற்றும், உட்புறம் பற்கள் உள்ள ஓர் உறை, நகர்ந்து முதலில் இந்த வளையத்தைக் கூம்பின் மேல் அழுத்துகிறது. உராய்வு இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. வளையத்தின் உட்புறம் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். கூம்பின் மேல் படிந்த எண்ணெயை வழித்து எறியத்தான். எண்ணெய்ப் படலம் இருந்தால் வளையம் வழுக்கும், பிடிக்காது.

இதுவரை சாதாரண பிரேக். வித்தை இனிமேல்தான். அவசரக்காரர் ஒருவர் வேகம் சமமாகும் முன்பே ஸ்லீவைத் தள்ளினால்? வளையத்தின் வெளி ஓரத்திலும் பற்கள் உண்டு, கூரை போல முனை சீவிய பற்கள். வேக வித்தியாசம் இருக்கும்வரை உராய்வு வளையத்தை இழுத்துச் சற்றே திருப்பி வைத்திருக்கும். அதன் பற்கள் ஸ்லீவின் பற்களுக்குக் குறுக்கே நிற்கும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு பலமாக உராய்வும் கூடும், தடையும் கூடும். வேகம் சமமான அந்தக் கணத்தில் வளையத்தைத் திருப்பி வைத்திருந்த விசை மறைந்துவிடுகிறது. தள்ளும் கை, சீவிய முனைகள் வழியாக வளையத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறது. சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை. எந்த வேக வித்தியாசம் ஆபத்தோ அதுவே பூட்டாக நிற்கிறது. ஆபத்து போனதும் பூட்டும் போய்விடுகிறது. நூறு கிராம் அளவில் ஒரு வளையம் இவ்வளவு புத்தியோடு நடந்துகொள்வதைவிடக் கார் முழுவதிலும் எனக்கு ஆச்சரியம் தருவது வேறில்லை.

இதன் எதிரி தவறான எண்ணெய். ஆக்சிலுக்கென்று செய்த, கந்தகச் சேர்மானம் அதிகமுள்ள எண்ணெய் வெண்கலத்தை அரிக்கக்கூடும். போதாக்குறைக்கு அளவுக்கு மீறி வழுக்கும். கையேடு சொன்ன தரத்தைத்தான் ஊற்ற வேண்டும். மட்டம் பார்க்கப் பல வண்டிகளில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி அதைக் கழற்றினால் எண்ணெய் துளையின் விளிம்பில் நிற்க வேண்டும். ஆயுத பூஜையன்று நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்து நசுக்குகிறவர்கள் அந்தக் கையோடு பிளக்கையும் கழற்றிப் பார்க்கலாம். டயர் எலுமிச்சையைக் கண்டுகொள்வதில்லை. பற்கள் எண்ணெயைக் கண்டுகொள்கின்றன. உராய்வு அலட்சியப்படுத்தும் விஷயமல்ல என்பதை அரசுகளுக்கும் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. 1966-இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் சரியாகக் கையாண்டால் ஆண்டுக்கு 515 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்று கணக்கிட்டது. நம் பொறியியல் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு நாடா வெட்டும் வேகத்தில் பாதியாவது உராய்வு ஆய்வகத்துக்கும் இருந்தால் நல்லது.

ஹேண்ட் கியரில் வேறொரு கோளாறு. கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே நீண்ட இணைப்புக் கம்பிகளும் அவற்றின் மூட்டுகளில் புஷ் எனப்படும் சிறு உறைகளும் இருக்கும். புஷ் தேய்ந்தால் கையின் அசைவு பாதி வழியிலேயே கரைந்துபோகும். ஒரு கியர் முழுதாக வெளியே வராத நிலையில் இன்னொன்று விழப் பார்த்து மாட்டிக்கொள்ளும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, நெம்புகோல்களைக் கையால் நேராக்கிவிட்டு மறுபடி ஏறுவது அன்று சர்வ சாதாரணம். வைத்தியம் மலிவு: புஷ் மாற்றி, இணைப்புக் கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்தால் போதும்.

இனி வாசகரின் முதல் கேள்வி. நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்து 1990களில் செய்த ஆய்வுகள், மூளையின் டோபமைன் செல்கள் எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்கே முக்கியமாகத் துடிக்கின்றன என்று காட்டின. சின்க்ரோ இல்லாத முதல் கியர் ஒவ்வொரு முறையும் ஒரு கணிப்பைக் கேட்கிறது, ஒரு விநாடிக்குள் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. மார்க் போடுவதில் அதற்குத் தாட்சண்யம் கிடையாது. ஓட்டும் ஆசை அங்கே முளைத்தது என்பது என் ஊகம்தான், ஆனால் 1983-இல் வந்த மாருதி 800 நான்கு முன் கியர்களுக்கும் சின்க்ரோ கொடுத்து அந்தப் பரீட்சையை ரத்து செய்தது என்பது உண்மை. அதற்காக அழ வேண்டியதில்லை. தேய்ந்த பற்களுக்குச் செலவழித்தவர்கள் யாரும் அழவில்லை. விந்தை என்னவென்றால், இன்றைய கனரக லாரிகளின் தானியங்கிப் பெட்டிகள் சிலவற்றில் சின்க்ரோ வளையத்தையே நீக்கிவிட்டார்கள். கீழ் கியருக்குக் கணினி இன்ஜினை ஏற்றுகிறது, மேல் கியருக்கு லே ஷாஃப்டில் உள்ள பிரேக்கைப் பிடிக்கிறது.

இந்தக் காலத்துக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. பல கார்களில் ரிவர்ஸுக்கு இன்னும் சின்க்ரோ இல்லை. கத்தினால் அதே வித்தை: வண்டி முழுதாக நின்றபின், கிளட்ச் மிதித்தபடி ஏதாவது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்படியும் கத்தினால், கிளட்சை அடிவரை மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து போட்டுப் பாருங்கள். அதற்கும் கத்தினால் பல்லில் குற்றமில்லை, கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. கேபிள் வண்டியானால் அட்ஜஸ்ட்மென்ட், ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் மட்டமும் குழாயில் புகுந்த காற்றும். கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன் மெக்கானிக்கை இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.