வைல்ட் வெஸ்ட் ஷோ: தமிழில் எப்படிச் சொல்வது?

கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘வைல்ட் வெஸ்ட்’ என்றாலே குதிரை, துப்பாக்கி, புழுதி. தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். ‘காட்டு மேற்கு’ என்றால் ஏதோ மேற்குத் தொடர்ச்சி மலையில் யானை பார்க்கக் கிளம்புவது போல இருக்கிறது.

இங்கே ‘வைல்ட்’ காடு அல்ல, சட்டத்தின் கட்டுக்குள் வராதது. ‘வெஸ்ட்’ வெறும் திசையும் அல்ல. அமெரிக்காவில் வெள்ளையர் குடியேற்றம் மேற்கே நகர நகர, கூடவே நகர்ந்த எல்லைப்புறம் அது. பூர்வகுடிகளுக்கு அது எல்லையே இல்லை, சொந்த ஊர்.

சரி, ‘ஷோ’? 1883 மே மாதம் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் இந்தக் கேளிக்கையை, அதாவது எல்லைப்புறத்துக் குதிரையேற்றத்தையும் துப்பாக்கி சுடுதலையும் மைதானத்தில் நடத்திக் காட்டுவதைத் தொடங்கிய வில்லியம் கோடி, அதாவது ‘பஃபலோ பில்’, அந்தச் சொல்லைத் தன் நிகழ்ச்சிப் பெயரில் சேர்க்கவே இல்லை. ‘பஃபலோ பில்ஸ் வைல்ட் வெஸ்ட்’, அவ்வளவுதான். பார்ப்பது நடிப்பல்ல, நிஜம் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே! (அந்த ‘பஃபலோ’வும் நம் எருமை அல்ல, பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருது. ரயில் பாதை போட்ட தொழிலாளர்களின் சாப்பாட்டுக்காக அவற்றை வேட்டையாடித்தான் கோடிக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.)

நிஜம் என்று அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை முறியடித்த லகோட்டா பூர்வகுடிகளின் தலைவர் சிட்டிங் புல், 1885-இல் நான்கு மாதம் இந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். வாரம் 50 டாலர் சம்பளம். பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம், குதிரையில் மைதானத்தைச் சுற்றி வந்தால் போதும். தன் புகைப்படத்தையும் கையெழுத்தையும் விற்ற காசு தனி. அதே மைதானத்தில் குறி தவறாத துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லி, வீசியெறிந்த கண்ணாடி உருண்டைகளைச் சுட்டுத் தெறிக்கவிட்டார். 1887-இல் லண்டனில் விக்டோரியா மகாராணியே வந்து பார்த்தார்.

1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, எல்லைப்புறம் என்று தனியாக ஒன்று இனி இல்லை என்றது. ஆனால் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பக்கத்திலேயே கோடியின் மைதானம் நிரம்பி வழிந்தது. இல்லாமல் போனதற்குத்தான் டிக்கெட்.

அதனால் என் தேர்வு: மேற்கெல்லைச் சாகசக் காட்சி. ‘சர்க்கஸ்’ என்பது பொருந்தாது. ‘ரோடியோ’ என்பது கௌபாய்கள் முரட்டுக் குதிரை, காளைகளோடு மோதும் போட்டி, அது வேறு. கோடியின் குழுவைக் குறிக்கும்போது மட்டும் ‘வைல்ட் வெஸ்ட்’ என்றே விட்டுவிடலாம், அவர் விரும்பியபடியே ‘ஷோ’ இல்லாமல்.