பூச்சிக்கு மூக்கு எங்கே இருக்கிறது?

ஏழு வயது மகளின் கேள்வியைத் தாய் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார்: "கரப்பான்பூச்சிக்கு மூக்கு எங்கே என்று கேட்கிறாள். உணர்கொம்புதான் மூக்கு என்று சொல்லி வைத்தேன். சரிதானா?"

பாதி சரி. வாசனை பிடிக்கும் வேலையை உணர்கொம்புகள் செய்கின்றன. மூச்சு விடும் வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. காற்று உள்ளே போகும் துளை எதுவும் பூச்சியின் தலையில் இல்லை. தலை போன கரப்பான்பூச்சி பல நாட்கள் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறு கால்கள், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள், எலும்புக்குப் பதிலாக உடம்புக்கு வெளியே கைட்டின் கலந்த ஓடு. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். எட்டுக் கால் சிலந்தி பூச்சி இனத்தில் சேராது என்பதும் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பூச்சிகளை அறிமுகம் செய்யும்போது கால்களை எண்ணச் சொல்லி நிறுத்திவிடுவது எனக்கு ஒப்புவதில்லை. அது எங்கே மூச்சு விடுகிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு வெட்டுக்கிளியும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். அதன் வயிறு சுருங்கி விரிவதைப் பார்க்கலாம். வயிற்றின் பக்கவாட்டில், வளையத்துக்கு ஒன்றாகச் சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவைதான் மூச்சுத்துளைகள். மார்பில் இரண்டு ஜோடி, வயிற்றில் எட்டு ஜோடி என மொத்தம் பத்து ஜோடி வரை இருக்கலாம். பலவற்றில் திறந்து மூடும் அமைப்பும் உண்டு. உடம்பின் ஈரம் வீணாகாமல் இருக்க, தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும் அல்லவா?

துளைக்குள் போனால் குழாய்கள். சுருள்கம்பி வைத்த ரப்பர் குழாய் போல, இவற்றின் உட்சுவரிலும் சுருள் சுருளாகத் தடிப்பு இருக்கிறது. அதனால் எப்படி வளைந்தாலும் நசுங்கி அடைத்துக்கொள்ளாது. இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி பட்டுப்புழுவை அறுத்துப் பார்த்து, இந்தக் குழாய்களை 1669இல் விவரித்தார். அதற்கு முன்பு, பூச்சிகள் மூச்சே விடுவதில்லை என்ற அரிஸ்டாட்டிலின் கருத்துதான் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது.

இந்தக் குழாய்கள் எங்கே போய் முடிகின்றன என்பதுதான் முக்கியம். நம் உடம்பில் நுரையீரல் காற்றை வாங்கி, ஆக்சிஜனை ரத்தத்திடம் ஒப்படைக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு அதை எடுத்துப்போவது ரத்தத்தின் பொறுப்பு. பூச்சியில் இடையில் யாரும் இல்லை. குழாய் கிளை பிரிந்து, மறுபடியும் பிரிந்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெலிதாகி, செல்லின் பக்கத்திலேயே போய் நிற்கிறது. சிறகை அசைக்கும் தசைகளில் தசைநாருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. காற்று காற்றாகவே செல்லின் வாசலுக்கு வருகிறது!

ஆகவே பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்துக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை இல்லை, சிவப்பு நிறமும் இல்லை. கொசுவை அடித்தால் சிவப்பாகத் தெறிப்பது அது கடித்துக் குடித்த ரத்தம். (சேற்றுத் தண்ணீரில் வாழும் சில ஈ வகைகளின் புழுக்கள் விதிவிலக்கு. அவற்றின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு, பார்க்கவும் சிவப்பாக இருக்கும்.)

உறிஞ்சும் நுரையீரல் இல்லாமல் இவ்வளவு நுண்ணிய குழாயில் காற்று எப்படி உள்ளே போகும்? டென்மார்க்கின் உடலியலாளர் ஆகஸ்ட் க்ரோ 1920இல் ஒரு பெரிய அந்துப்பூச்சியின் புழுவில் குழாய்களை அளந்து கணக்குப் போட்டார். ஆக்சிஜன் தானாகப் பரவி வரும் வேகமே அந்தப் புழுவுக்குப் போதும் என்று தெரிந்தது. ஆக்சிஜன் தண்ணீரில் பரவுவதைவிடக் காற்றில் சுமார் 10,000 மடங்கு வேகமாகப் பரவும். குழாய் முழுக்கக் காற்று இருப்பதன் லாபம் இதுதான்.

ஆனால் முழுக்கக் காற்று இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது.

மிக மெல்லிய அந்த நுனிகளில் கொஞ்சம் திரவம் தேங்கி நிற்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அவ்வளவு சிறிய துவாரத்தில் நுண்புழை ஏற்றத்தால் திரவம் தானாகவே ஏறிக்கொள்ளும். பூச்சி சும்மா இருக்கும்போது இதனால் நஷ்டமில்லை. ஓடும்போதும் பறக்கும்போதும்தான் சிக்கல். ஆக்சிஜன் நிறையத் தேவைப்படும் நேரத்தில், கடைசித் துளி தூரத்தில் திரவம் மறித்துக்கொண்டு நிற்கிறது. சரி, என்ன செய்வது?

பிரிட்டிஷ் உயிரியலாளர் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் இதற்கான விடையை 1930இல் வெளியிட்டார். கொசுப்புழுவின் உடம்பு ஒளி ஊடுருவக்கூடியது, அதனால் உயிருள்ள புழுவையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். தசை உழைக்கும்போது நுனியிலிருந்த திரவம் மறைந்து, காற்று அந்த இடத்துக்கு முன்னேறியது. தசை ஓய்ந்ததும் திரவம் திரும்பி வந்தது. உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலம் போன்ற கழிவுகள் சேர்கின்றன, தசையைச் சுற்றியுள்ள நீர்மத்தின் செறிவு கூடுகிறது. அப்புறம் நடப்பது பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். செறிவு கூடிய பக்கம் நுனியிலுள்ள நீரைக் குழாய்ச் சுவர் வழியாக இழுத்துக்கொள்கிறது. நீர் விலகிய இடத்தில் காற்று.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. மூளை கட்டளையிடவில்லை, நரம்பு செய்தி கொண்டுபோகவில்லை. எந்தத் தசை களைக்கிறதோ, அந்தக் களைப்பே அதற்குக் காற்று வரும் வழியைத் திறந்துவிடுகிறது. பக்கத்துத் தசை ஓய்வாக இருந்தால் அதன் நுனிகளில் திரவம் நிரம்பியே இருக்கும்.

பரவல் ஒன்றை மட்டுமே எல்லாப் பூச்சிகளும் நம்பியிருக்கவில்லை. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்திலுள்ள, மிக வலுவான எக்ஸ்ரே கதிர்களைத் தரும் சின்க்ரோட்ரான் என்ற பெரிய கருவியில் உயிருள்ள வண்டு, எறும்பு, சிள்வண்டு ஆகியவற்றை வைத்து எடுத்த படங்கள் 2003இல் வெளியாயின. தலைப்பகுதியிலும் மார்பிலும் உள்ள பெரிய குழாய்கள் தாளகதியில் அமுங்கி விரிவது அவற்றில் தெரிந்தது. பெருங்குழாய்களின் கொள்ளளவில் பாதி வரை காற்று அப்படி மாறிக்கொண்டிருந்தது.

அவ்வளவு பெரிய கருவியில் வண்டை வைத்துப் படம் பிடிப்பது பணத்தைப் பாழாக்குவது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். பூச்சி ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் பூச்சியைக் கொல்லும் வழிக்கு மட்டும்தான் என்ற நினைப்பே குறுகியது. இதே விக்கிள்ஸ்வொர்த் ரத்தம் குடிக்கும் ஒரு மூட்டைப்பூச்சி உறவினத்தில், பூச்சி எப்போது முதிர்கிறது என்பதை வெறும் ஆர்வத்தால் ஆராய்ந்தார். இளமையைக் காக்கும் ஹார்மோனைப் பற்றிய அறிவு அங்கிருந்து வளர்ந்தது. அந்த ஹார்மோனைப் போலச் செயல்படும் மருந்துகள் இன்று கொசுப்புழுக்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றன. கேள்வி கேட்கும் சுதந்திரத்துக்கு முதலில் பணம் கொடுத்தால்தான் பயன் பின்னால் வரும்.

குழந்தைகளுக்கு நேரில் காட்டக்கூடிய ஒன்று மீதமிருக்கிறது. பூச்சியின் ஓடு வளராது, அதனால் வளரும் பூச்சி அவ்வப்போது சட்டையை உரித்தாக வேண்டும். மூச்சுக்குழாய்களும் அந்த மேல்தோல் உள்ளே மடிந்து உருவானவையே. எனவே சட்டையோடு குழாய்களின் உட்பூச்சும் கழன்று, மூச்சுத்துளைகள் வழியாக வெளியே வருகிறது. மரத்தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிகாடா என்ற பூச்சியின் வெற்றுக்கூட்டை எடுத்து, முதுகுப் பிளவுக்குள் பாருங்கள். வெள்ளை நூல்கள் தொங்கும். நூல் என்று நினைப்பது அந்தப் பூச்சி அதுவரை மூச்சு விட்ட குழாய்களின் உள்சுவர். மிக மெல்லிய நுனிகளின் பூச்சு மட்டும் பொதுவாக உரிவதில்லை. அவை செல்களோடு அப்படியே இருந்து, புதிதாக உருவான குழாய்களோடு மறுபடி இணைந்துகொள்கின்றன.