அட்டையில் 70% என்று போட்டிருந்தால்

பேக்கிங்குக்கு டார்க் சாக்லேட் வாங்கப் போனால் கண் முதலில் போவது அட்டையில் உள்ள சதவீதத்துக்குத்தான். எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்று ஒரு நினைப்பு. அது சரியல்ல. கட்டியில் எவ்வளவு பங்கு கோகோ விதையிலிருந்து வந்தது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. 70% என்றால் மீதி 30% பெரும்பாலும் சர்க்கரை.

அந்த 70-க்குள் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது: கோகோ வெண்ணெய் எனும் கொழுப்பு, நிறமும் கசப்பும் தரும் கோகோத் தூள். வறுத்த விதையை அரைத்தால் கிடைக்கும் விழுதில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். தூளோ மாவைப் போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே 50% சாக்லேட் கேட்கும் பிரவுனியில் 85% போட்டால் கசப்பு மட்டுமா கூடும்? சர்க்கரை குறைகிறது, ஈரம் உறிஞ்சும் தூள் ஏறுகிறது. பிரவுனி வறண்டு உதிரும். சாக்லேட்டும் கிரீமும் கலந்து செய்யும் கனாஷ் என்றால் எண்ணெய் பிரிந்து நிற்கும். கிரீமைக் கூட்ட வேண்டிவரும்.

சாக்லேட் சிப்ஸில் கோகோ வெண்ணெயை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். ஓவன் சூட்டிலும் அது ஓடாமல் குக்கீக்குள் உருவம் மாறாமல் நிற்பது அதனால்தான். அதையே உருக்கி கேக் மேல் ஊற்றப் பார்த்தால் களிபோல் கெட்டியாக நிற்கும். ஊற்றவும் முக்கி எடுக்கவும் கோகோ வெண்ணெய் மிகுந்த கவர்ச்சர் எனும் சாக்லேட் வேண்டும். ஒரு தொல்லை, கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. பளபளப்பும், உடைத்தால் 'டக்' என்ற சத்தமும் தருவது அதில் ஐந்தாவது வகை. சுமார் 34 டிகிரி செல்சியஸில், கிட்டத்தட்ட நம் வாய்ச் சூட்டில், உருகும். அந்த வகையை வரவழைக்கத்தான் டெம்பரிங், அதாவது சாக்லேட்டை உருக்கிப் பக்குவமான சூட்டில் ஆறவைப்பது. காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் இந்தப் பாடு இல்லை; ருசியும் அந்த அளவுக்குத்தான்.

வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் தூள் அறவே கிடையாது. கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை, அவ்வளவுதான். பாலும் சர்க்கரையும் இருப்பதால் சீக்கிரம் கருகும். மெல்லிய சூட்டில்தான் உருக்க வேண்டும்.

அப்புறம் கோகோ பவுடர். 1828-இல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற இயந்திரம், விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்து எடுத்தது. எஞ்சிய சக்கையைப் பொடித்தால் பவுடர். சாதாரணப் பவுடர் புளிப்புத் தன்மை உள்ளது. பேக்கிங் சோடாவோடு சேர்ந்தால் வாயு கிளம்பி கேக் உப்பும். டச் பிராசஸ் பவுடரில் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் புளிப்பைப் போக்கியிருப்பார்கள். நிறம் அடர்த்தி, சுவை மென்மை. ஆனால் சோடாவுக்கு அங்கே வேலையில்லை. செய்முறையில் சோடா மட்டும் இருந்து, புளிப்பான வேறு பொருளும் இல்லாமல் டச் பவுடரைப் போட்டால் கேக் சரியாக எழும்பாது, வாயில் சோப்புச் சுவை தட்டும். பேக்கிங் பவுடர் கேட்கும் செய்முறை என்றால் தாராளமாகப் போடலாம்.