அம்புக்குறி ஏன் வளைந்து போகிறது?

தண்டையார்பேட்டையில் என்னிடம் ப்ளஸ் டூ இயற்பியல் படித்த பையன் இப்போது கனடாவில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலில் பனிமலைக்குப் போய்விடுவானாம். "சார், பனிச்சரிவு பீக்கன் வாங்கணும். எதைப் பார்த்து வாங்குறது?" என்று போன வாரம் கேட்டான்.

மார்போடு வார்போட்டுக் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. மலையில் இருக்கும்வரை நொடிக்கு ஏறக்குறைய ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, திரையில் தெரியும் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் அலைவரிசை 457 கிலோஹெர்ட்ஸ்தான்.

அந்த அம்புக்குறியில்தான் என் மனசு நிற்கிறது. அது புதைந்தவரை நேராகக் காட்டாது!

அப்பாவின் டிரான்சிஸ்டரில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி கேட்போம். பெட்டியைத் திருப்பி வைத்தால் சத்தம் அமுங்கிவிடும். உள்ளே பென்சில் கனத்தில் ஒரு கருப்பு ஃபெர்ரைட் கம்பி, அதன்மேல் மயிரிழைச் செம்புச் சுற்று. அதுதான் ஆன்டெனா. பீக்கனுக்குள்ளும் அதே சங்கதிதான். 457 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 656 மீட்டர். நாம் தேடுவதோ ஐம்பது மீட்டருக்குள். அவ்வளவு பக்கத்தில் அது ரேடியோ அலையாக விரிந்திருக்காது. துடிக்கிற காந்தமாகவே இருக்கும். கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் வாங்கிவந்த இரும்புத் தூளை அட்டையில் தூவி, அடியில் சட்டக்காந்தத்தை வைத்துத் தட்டுவேனே, தூள் வில் வில்லாக வளைந்து நிற்குமே, அந்தக் கோடுகளில் ஒன்றின்மேல்தான் தேடுபவர் நடக்கிறார். வளைவோடு போனால் முனைக்கு வந்து சேரலாம். தூரக் கணக்கு குறைந்துகொண்டே வந்தால் சரியான திசை. கூடினால் அப்படியே திரும்ப வேண்டும். தூரம் பாதியானால் காந்தப்புலம் எட்டு மடங்காகும் என்பதால், கிட்டே போகப் போகப் பீக்கனின் சத்தம் எகிறும்.

பக்கத்தில் வந்ததும் ஒரு சிக்கல். புதைந்த கருவியின் கம்பி செங்குத்தாக நின்றால், ஒற்றை ஆன்டெனா கருவி அவர் தலைக்கு நேர்மேலே ஊமையாகி, தள்ளி வேறிடத்தில் கத்தும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று ஆன்டெனாக்கள் இருந்தால் மூன்றையும் கூட்டி உண்மையான உச்சத்தைக் காட்டும். ஆகவே தம்பி, மூன்று ஆன்டெனா உள்ளதாக வாங்கு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழையது வேண்டாம்.

பீக்கன் உன் உடம்பில் இருக்கட்டும், வண்டியில் அல்ல. சரிவு உன்னையும் வண்டியையும் பிரித்துவிடும். மண்வாரியும் துழாவுகோலும் உன் முதுகுப் பையில்தான். செல்போன், சூடேற்றும் கையுறை எல்லாம் பீக்கனைக் குழப்பும். இருபது சென்டிமீட்டர் தள்ளி வை, தேடும்போது ஐம்பது. தேடும் இடத்தில் இன்ஜினை நிறுத்திவிடு.

உன் அம்மா தாயத்து அனுப்பியிருப்பதாகச் சொன்னாய். கட்டிக்கொள், அவர் மனசு நிறையும். ஆனால் விபத்தைத் 'தலையெழுத்து' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கால் மணிக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு புதைத்த பத்து ராணுவ வீரர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. பனியைப் பற்றிய ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் பணம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாரும் நினைக்கக் கூடாது.

பொங்கலுக்கு வரும்போது பீக்கன்களைக் கொண்டுவா. மைதானத்தில் ஒன்றை ஒளித்து வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த வளைகோட்டில் நடக்கவிடுவோம்.